ஓர் அணியைச் சமச்சீர், எதிர் சமச்சீர் எனப் பிரிப்பது: புரிந்துகொண்டு செய்ய ஒரு வழிகாட்டி

தேற்றம் ஒரே வரிதான்: எந்தச் சதுர அணியையும் ஒரு சமச்சீர் அணி, ஓர் எதிர் சமச்சீர் அணி ஆகிய இரண்டின் கூடுதலாக எழுதலாம். நான் இதை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த இரண்டு துண்டுகளும் என்ன சொல்கின்றன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். அதனால் இங்கே சூத்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கைக்கணக்கிலிருந்து தொடங்கலாம். நிரை எது, நிரல் எது, இரண்டு அணிகளை எப்படிக் கூட்டுவது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் படி: அணியை மறந்துவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள்

9, 3 என்று இரண்டு எண்கள். இவற்றின் சராசரி 6. அங்கிருந்து 3 மேலே போனால் 9. 3 கீழே இறங்கினால் 3.

9 = 6 + 3
3 = 6 − 3

"இரண்டு எண்களின் கூடுதல் 12, வித்தியாசம் 6, அந்த எண்கள் எவை?" என்று சின்ன வகுப்பில் போட்ட அதே கணக்குதான். கூடுதலில் பாதி நடுப்புள்ளியைச் சொல்கிறது. வித்தியாசத்தில் பாதி, அங்கிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்று சொல்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் பழைய எண்கள் திரும்பக் கிடைத்துவிடும். இனி வரப்போவது எல்லாம் இதையே பல முறை செய்வதுதான்.

இரண்டாம் படி: மூலைவிட்டத்தின் இருபுறமும்

இப்போது ஒரு 2×2 அணி. இதற்கு ம என்று பெயர் வைப்போம்.

[ 4  9 ]
[ 3  6 ]

இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் முதன்மை மூலைவிட்டத்தில் 4, 6 இருக்கின்றன. அந்தக் கோட்டில் ஒரு கண்ணாடியை நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 9-இன் பிம்பம் விழும் இடத்தில் 3 இருக்கிறது. ஆக, 9-உம் 3-உம் ஒரு ஜோடி. 4-க்கும் 6-க்கும் ஜோடி இல்லை. அவை கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

ஜோடியின் சராசரியை இரண்டு இடத்திலும் எழுதி, மூலைவிட்டத்தை அப்படியே விட்டுவிட்டால் கிடைப்பது சமச்சீர் பகுதி. இதற்கு ச என்று பெயர்.

[ 4  6 ]
[ 6  6 ]

விலகலை ஒரு பக்கம் கூட்டல் குறியோடும் மறுபக்கம் கழித்தல் குறியோடும் எழுதினால் எதிர் சமச்சீர் பகுதி. இது எ.

[  0  3 ]
[ −3  0 ]

இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பழைய அணி வந்துவிடும். எ-யின் மூலைவிட்டத்தில் ஏன் பூச்சியம் என்று பலர் கேட்பார்கள். கண்ணாடியில் நிற்கும் எண் தனக்குத் தானே ஜோடி. தன்னிடமிருந்து தானே எவ்வளவு விலக முடியும்?

3×3 அணியில் மூன்று ஜோடிகள், 4×4 அணியில் ஆறு. ஜோடிக்கு ஜோடி இதையே செய்துகொண்டு போக வேண்டியதுதான். ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

மூன்றாம் படி: எண்களுக்கு ஓர் அர்த்தம் கொடுப்போம்

என்னைப் பொறுத்தவரை விஷயம் புரிந்தது ஒரு விளையாட்டு அட்டவணையில்தான். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று குழுக்கள் கால்பந்து ஆடுகின்றன. (அணி என்றே சொல்லியிருப்பேன், கணக்கிலும் அதே சொல் இருப்பதால் இந்தப் பகுதியில் மட்டும் குழு.) சிவப்பு–நீலம் ஆட்டம் 4–2, சிவப்பு–பச்சை 1–3, நீலம்–பச்சை 5–5. நிரையில் இருக்கும் குழு, நிரலில் இருக்கும் குழுவுக்கு எதிராக அடித்த கோல்களை எழுதுவோம். வரிசை சிவப்பு, நீலம், பச்சை.

[ 0  4  1 ]
[ 2  0  5 ]
[ 3  5  0 ]

ஜோடிகள் (4, 2), (1, 3), (5, 5). சராசரிகள் 3, 2, 5. சமச்சீர் பகுதி:

[ 0  3  2 ]
[ 3  0  5 ]
[ 2  5  0 ]

விலகல்கள் 1, −1, 0. எதிர் சமச்சீர் பகுதி:

[  0  1  −1 ]
[ −1  0   0 ]
[  1  0   0 ]

முதல் அட்டவணையில் யார் ஜெயித்தார்கள் என்ற செய்தியே இல்லை. எந்த ஆட்டத்தில் கோல் மழை, எது மந்தமான ஆட்டம் என்பது மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்தால் அந்த ஆட்டத்தில் விழுந்த மொத்தக் கோல்கள். இரண்டாவது இதற்கு நேர் எதிர்: யார் யாரை எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது தவிர (இங்கும் எண்ணை இரட்டிக்க வேண்டும்) வேறெதுவும் அதற்குத் தெரியாது. 5–5 என்ற பரபரப்பான ஆட்டம் அங்கே வெறும் பூச்சியம். ஆட்டமே நடக்கவில்லை என்றாலும் அதே பூச்சியம்தான்.

இன்னொன்றும் பாருங்கள். எதிர் சமச்சீர் பகுதியின் நிரைகளைக் கூட்டினால் 0, −1, 1. இரட்டித்தால் 0, −2, 2. இவை மூன்று குழுக்களின் கோல் வித்தியாசங்கள்: சிவப்பு அடித்தது 5, வாங்கியது 5, நீலம் 7, 9, பச்சை 8, 6. லீக் பட்டியலில் தனியாக ஒரு நிரல் போட்டுக் காட்டும் எண், இந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு பேருக்கு இடையிலான எந்த அளவையும் இப்படிப் பிரிக்கலாம். "நமக்குள் எவ்வளவு" என்பது சமச்சீர். யார் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். "யாரிடமிருந்து யாருக்கு" என்பது எதிர் சமச்சீர். பக்கம் மாறினால் குறி மாறும்.

நான்காம் படி: இப்போது சூத்திரம்

அணியை மூலைவிட்டத்துக்குக் குறுக்கே பிரதிபலிக்கும் வேலைக்குப் பாடநூலில் நிரை நிரல் மாற்று என்று பெயர். ம-வின் நிரை நிரல் மாற்று அணியை ம′ என்று எழுதுவோம். ஒவ்வோர் இடத்திலும் ம-வில் இருப்பது ஒரு எண், ம′-இல் இருப்பது அதன் ஜோடி. எனவே சராசரியும் பாதி வித்தியாசமும் ஒரே வீச்சில்:

ச = (ம + ம′) ÷ 2
எ = (ம − ம′) ÷ 2

சமச்சீர் என்றால் ச′ = ச, பிரதிபலித்தாலும் மாறாதது. எதிர் சமச்சீர் என்றால் எ′ = −எ, பிரதிபலித்தால் குறி மட்டும் மாறுவது. வேறு விதமாகப் பிரிக்க முடியுமா? முடியாது. கூடுதல் 12, வித்தியாசம் 6 என்றால் எண்கள் 9, 3 தவிர வேறாக இருக்க வழியில்லை, அதே காரணம்தான்.

இதே உத்தியை வேறு இடத்திலும் பார்த்திருப்பீர்கள். ஒரு சார்பை இரட்டைச் சார்பு, ஒற்றைச் சார்பு என்று பிரிக்கும்போது மாறியின் குறியை மாற்றிப் பார்த்து, சராசரி எடுத்து, பாதி வித்தியாசம் எடுக்கிறோம். கலப்பெண்ணை மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று பிரிக்கும்போது இணைக் கலப்பெண்ணைக் கூட்டியும் கழித்தும் பாதியாக்குகிறோம். கூட்டலைக் குலைக்காத, இரண்டு முறை செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் ஒரு செயல் கிடைத்தால் போதும், இந்த உத்தி வேலை செய்யும். அதோடு இன்னொரு நிபந்தனை: 2-ஆல் வகுக்க முடிய வேண்டும். 1 + 1 = 0 என்று கணக்குப் போடும் ஈரெண் உலகில் அது முடியாது; அங்கே கூட்டலும் கழித்தலும் ஒன்றாகிவிடுவதால் இந்தப் பிரிவினையே குலைந்துவிடும்.

ஐந்தாம் படி: கைக்கணக்கைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி

பிரித்து முடித்ததும் கூட்டிப் பார்ப்பது சாதாரணச் சோதனை. எனக்குப் பிடித்தது வேறு. உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். இரண்டாம் படியில் வந்த ம-வுக்கு 16 + 81 + 9 + 36 = 142. ச-வுக்கு 16 + 36 + 36 + 36 = 124. எ-வுக்கு 9 + 9 = 18. 124 + 18 = 142.

இது தற்செயல் இல்லை. ச-வையும் எ-யையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான் வரும்: 6 × 3 ஒரு பக்கம், 6 × (−3) மறுபக்கம், இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். அதாவது, இந்த இரண்டு துண்டுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. வர்க்கங்கள் கூடுவது பிதாகரஸ் தேற்றமேதான்.

இதற்கு நடைமுறைப் பயன் உண்டு. ம-வுக்கு மிக அருகில் இருக்கும் சமச்சீர் அணி எது என்று கேட்டால் பதில் ச. 9, 3 இரண்டுக்கும் பதிலாக ஒரே எண்ணைத்தான் எழுதலாம் என்றால் 6-ஐத்தானே எழுதுவோம்? இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் அளந்த தூரங்கள் கொஞ்சம் முன்பின்னாக வந்தால், அட்டவணையின் சமச்சீர் பகுதியை வைத்துக்கொள்ளலாம். எதிர் சமச்சீர் பகுதி, அளவீடு எவ்வளவு தடுமாறியது என்று காட்டும். கணினியில் சமச்சீராக வர வேண்டிய அணி, தசமப் பிழையால் கடைசி இலக்கங்களில் கோணலாகும்போது செய்யும் வைத்தியமும் இதுதான்.

ஆறாம் படி: அணி ஒரு வெக்டரை என்ன செய்கிறது?

இதுவரை அணியை அட்டவணையாகப் பார்த்தோம். அது வெக்டரை, அதாவது (3, 2) போல எண்களால் எழுதும் ஓர் அம்பை, வேறொரு வெக்டராக மாற்றும் கருவியும் கூட. அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் இரண்டு துண்டுகளின் குணமும் தெரியும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எதிர் சமச்சீரில் மிக எளியது:

[ 0  −1 ]
[ 1   0 ]

இதை (3, 2) என்ற வெக்டர் மேல் போட்டால், அதாவது ஒவ்வொரு நிரையையும் வெக்டரோடு எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டினால், (−2, 3) வரும். இந்த இரண்டு வெக்டர்களையும் அதே போல எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டுவது புள்ளிப் பெருக்கல்: 3 × (−2) + 2 × 3 = 0. பூச்சியம் வந்தால் இரண்டும் செங்குத்து. வேறு எந்த வெக்டரை எடுத்தாலும் இதே கதைதான். எதிர் சமச்சீர் அணி எந்த அளவில் இருந்தாலும், ஒரு வெக்டரை அதற்குச் செங்குத்தான திசைக்கே அனுப்பும் (அல்லது பூச்சியமாக்கும்). அந்த அம்பு இருந்த திசையில் ஒரு துளிகூட நீளவோ குறுகவோ செய்யாது.

இருபடி வடிவங்களை (எல்லா உறுப்புகளும் இரண்டாம் படியில் இருக்கும் கோவைகளை) பற்றிப் படிக்கும்போது "அணி சமச்சீர் என்று கொள்க" என்று நூல்கள் ஏன் சட்டென்று சொல்லிவிட்டுப் போகின்றன என்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ப² + 6பக + 2க² என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணியை (ப, க) என்ற வெக்டர் மேல் போட்டு, வருவதை அதே வெக்டரோடு புள்ளிப் பெருக்கல் செய்தால் இந்தக் கோவை வர வேண்டும். அப்படி ஓர் அணி எழுதச் சொன்னால், 1, 2 மூலைவிட்டத்தில் உட்காரும், 6-ஐ மற்ற இரண்டு இடங்களுக்குப் பங்கிட வேண்டும். 6, 0 என்று பங்கிடலாம். 4, 2 என்றும் பங்கிடலாம். குறும்புக்காக 100, −94 என்றும் பங்கிடலாம். கோவை மாறவே மாறாது. இந்த எல்லா அணிகளுக்கும் சமச்சீர் பகுதி ஒன்றுதான்:

[ 1  3 ]
[ 3  2 ]

பங்கீட்டில் நாம் செய்த குறும்பெல்லாம் எதிர் சமச்சீர் பகுதிக்குள் போய்விடுகிறது. அந்தப் பகுதி வெக்டரைச் செங்குத்தாக அனுப்புவதால், அதே வெக்டரோடு புள்ளிப் பெருக்கல் செய்தால் பூச்சியம். இருபடி வடிவத்தின் கண்ணுக்கு எ தெரியவே தெரியாது.

சமச்சீர் பகுதியின் குணம் வேறு. ஒன்றுக்கொன்று செங்குத்தான சில அச்சுகள் அதற்கு எப்போதும் உண்டு. அந்த அச்சுகளின் வழியே அது இழுக்கும் அல்லது அமுக்கும், அவ்வளவுதான். ஐகென் மதிப்புகளை (தன் கோட்டிலேயே நிற்கும் வெக்டர் எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் எண்களை) படித்தவர்களுக்கு: சமச்சீர் அணியின் ஐகென் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்கள், எதிர் சமச்சீரின் மதிப்புகள் பூச்சியமாகவோ முழுக் கற்பனை எண்களாகவோ இருக்கும்.

ஏழாம் படி: தாள்கட்டைத் தள்ளிப் பாருங்கள்

மேசையில் ஒரு தாள்கட்டை வையுங்கள். பக்கவாட்டில் ஒரு வட்டம் வரையுங்கள். கட்டின் மேல் கையை வைத்து வலப்பக்கம் தள்ளினால் அடித்தாள் நகராது. மேலே போகப் போகத் தாள்கள் அதிகம் நகரும். வட்டம் சாய்ந்த நீள்வட்டமாகும். ஒவ்வொரு புள்ளியின் வேகமும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, வலப்பக்கமாக, என்று வைத்துக்கொண்டால் அணி இது:

[ 0  2 ]
[ 0  0 ]

பிரித்தால் ச, எ:

[ 0  1 ]
[ 1  0 ]

[  0  1 ]
[ −1  0 ]

ச, (1, 1) என்ற வெக்டரை (1, 1) ஆகவே தருகிறது: 45 பாகை சாய்வில் வெளிப்பக்கமாக இழுக்கிறது. (1, −1)-ஐ (−1, 1) ஆக்குகிறது: அதற்குச் செங்குத்தான திசையில் உள்ளே அமுக்குகிறது. எ, (0, 1)-ஐ (1, 0) ஆக்குகிறது: மேலே இருப்பது வலப்பக்கம் போகிறது, கடிகாரச் சுற்று. மேலும் கீழுமான அசைவு இரண்டிலும் இருக்கிறது. ஆனால், கூட்டும்போது அவை ஒன்றையொன்று தின்றுவிடுவதால், கண்ணுக்குத் தெரிவது பக்கவாட்டு நகர்வு மட்டும். நேராக வழுக்கிப் போவதாகத் தோன்றும் ஓர் அசைவுக்குள் ஓர் இழுப்பும் ஒரு சுழற்சியும் சரிபாதியாக ஒளிந்திருக்கின்றன என்பதை முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

திரவங்களின் ஓட்டத்தைப் படிப்பவர்களுக்கு இது அன்றாடச் சோறு. வேகம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் அணியைப் பிரித்து, சமச்சீர் பகுதியை உருச்சிதைவு வீதம் என்றும் மற்றதைச் சுழற்சி வீதம் என்றும் கொள்வார்கள். பிசுக்குமையால் (திரவத்தின் ஒட்டும் தன்மையால்) எழும் உராய்வு விசையைச் சாதாரணத் திரவங்களில் சமச்சீர் பகுதிதான் தீர்மானிக்கிறது. திரவம் ஒட்டுமொத்தமாகச் சுற்றினால் உள்ளே எதுவும் உரசுவதில்லை. இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1845-இலேயே ஓட்டத்தை இப்படிப் பிரித்துப் பார்த்தார். ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1858-இல் சுழல்கள் பற்றி எழுதும்போது இதையே அடித்தளமாக வைத்தார். ஆங்கிலேயக் கணித அறிஞர் சில்வெஸ்டர் 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது 1850-இல். அதாவது, அணி என்ற பெயர் வருவதற்கு முன்பே அதைப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது!

மூன்று பரிமாணம் மட்டும் ஏன் விசேஷம்?

3×3 எதிர் சமச்சீர் அணியில் மூன்று எண்கள்தான் சுதந்திரமானவை. அவற்றை இப்படி அடுக்கினால்,

[  0  −இ   ஆ ]
[  இ   0  −அ ]
[ −ஆ   அ   0 ]

இந்த அணியை ஒரு வெக்டர் மேல் போடுவதும், (அ, ஆ, இ) என்ற வெக்டரோடு அதைக் குறுக்குப் பெருக்கல் (இரண்டு வெக்டர்களுக்கும் செங்குத்தான மூன்றாவது வெக்டரைத் தரும் பெருக்கல்) செய்வதும் ஒன்றே. (அ, ஆ, இ) சுழலும் அச்சு. அதன் நீளம் சுழலும் வேகம். 2×2-இல் ஓர் எண், 4×4-இல் ஆறு எண்கள். ஜோடிகளின் எண்ணிக்கையும் பரிமாணமும் சமமாவது மூன்றில் மட்டும்தான். சுழற்சியை ஓர் அம்பாக வரைய முடிவது நம் உலகத்துக்குக் கிடைத்த சலுகை.

அடிக்கடி வழுக்கும் இடங்கள்

2-ஆல் வகுக்க மறப்பது, கீழ்ப் பாதியில் குறியைத் தவறவிடுவது: முதலாவது ஐந்தாம் படியின் வர்க்கச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். வர்க்கத்தில் குறி மறைந்துவிடுவதால், இரண்டாவதைப் பிடிக்கத் துண்டுகளைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். சதுரமில்லாத அணிக்கு இது பொருந்தாது. பிரதிபலித்தால் வடிவமே மாறிவிடும், எதை எதோடு கூட்டுவது?

கொஞ்சம் நுட்பமான தவறு, ம-வின் ஐகென் மதிப்புகளை ச, எ இவற்றின் மதிப்புகளைக் கூட்டிப் பெறலாம் என்று நினைப்பது. தாள்கட்டு அணியில் ச-வுக்கு 1, −1. எ-வுக்குக் கற்பனை அலகும் அதன் எதிர்மறையும். ம-வுக்கோ இரண்டுமே பூச்சியம். எந்த வரிசையில் கூட்டினாலும் பூச்சியம் வராது.

இன்னொன்று, "எதிர் சமச்சீர் என்றால் சுழற்றும் அணி" என்ற நினைப்பு. 90 பாகைச் சுழற்சிக்கு அது தற்செயலாகப் பொருந்திவிடுவதால் வரும் மயக்கம் இது. 60 பாகை சுழற்றும் அணியின் மூலைவிட்டத்தில் 0.5, 0.5 இருக்கும், ஆகவே அதற்குப் பூச்சியமில்லாத சமச்சீர் பகுதி உண்டு. எதிர் சமச்சீர் அணி சொல்வது சுழலும் வேகத்தை. அந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் எங்கே போய் நிற்போம் என்பதைச் சொல்வது சுழற்சி அணி. கார் ஓடும் வேகமும் கார் நிற்கும் இடமும் ஒன்றாகுமா?

சரி, ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள்

[ 2  7  −1 ]
[ 1  4   6 ]
[ 5  0   3 ]

விடையைக் கீழே தருகிறேன். முதலில் அதைக் கையால் மறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஜோடிகள் (7, 1), (−1, 5), (6, 0). எதிர்மறை எண் கலந்திருப்பதால் நடு ஜோடியில் கவனம்: சராசரி 2, விலகல் −3.

[ 2  4  2 ]
[ 4  4  3 ]
[ 2  3  3 ]

[  0   3  −3 ]
[ −3   0   3 ]
[  3  −3   0 ]

வர்க்கங்களின் கூடுதல் 141. துண்டுகளுக்கு 87, 54. அப்புறம், இரண்டாவது அணியை (1, 1, 1) என்ற வெக்டர் மேல் போடுங்கள். ஒவ்வொரு நிரையிலும் 3-உம் −3-உம் அடித்துக்கொண்டு (0, 0, 0) வரும். மேலே சொன்ன அடுக்கோடு ஒப்பிட்டால் அ, ஆ, இ மூன்றும் −3. சுழலும்போது அச்சின் மேல் இருப்பவை நகர்வதில்லை. நீங்கள் இப்போது கண்டுபிடித்த (1, 1, 1) அந்த அச்சின் மேல்தான் கிடக்கிறது.